தனியலையும் ஒளிச்சீப்பும்

(அறிவியல் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கண்ணால் தெளிவுறக் கண்ட ஒன்றைக் கற்றோர் போட்ட கணக்கு ஒப்பவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிடலாமா? கணக்குக்குள் அடங்காத காட்சி பொய்யா? அன்றிக் காட்சியைத் தன்னுள் அடக்க மாட்டாத கணக்குத்தான் குறையுடையதா? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது ஒரு வாய்க்காலில் எழுந்த ஓர் அலை. அவ்வலையின் உடன்பிறப்பு இற்றைநாளில் நகத்தினும் சிறிய கண்ணாடி வளையத்துள் ஒளியாய்ச் சுழன்று, காலத்தையும் தொலைவையும் அளக்கும் நுண்ணிய அளவுகோலாய் நிற்கின்றது. அவ்வரலாறும் அதன் உட்பொருளுமே இவ்வுரையின் பொருளாம்.

1834ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள். இசுக்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகருக்கு அருகில் யூனியன் வாய்க்கால் என்னும் படகு வாய்க்கால் ஓடுகின்றது. அதன் கரையில் 26 அகவையினரான பொறியாளர் ஒருவர் குதிரைமேல் அமர்ந்து, படகுகளின் ஓட்டத்தைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சான் இசுக்காட்டு இரசல். இரு குதிரைகள் கரைவழியே இழுக்க, அக்குறுகிய வாய்க்காலில் விரைந்து வந்த படகு ஒன்று சட்டென்று நின்றது. படகு நின்றது; படகு தள்ளிவந்த நீரோ நிற்கவில்லை. அந்நீர் படகின் முகப்பிற் கொந்தளித்துத் திரண்டு, வழவழப்பான ஒற்றை மேடாய் உருக்கொண்டு, படகைப் பின்னே விட்டுத் தான்மட்டும் முன்னே உருண்டோடியது. நீளம் ஏறத்தாழ 30 அடி. உயரம் ஓரடி முதல் ஒன்றரை அடி வரை. விரைவு மணிக்கு 8 அல்லது 9 கல். இரசல் குதிரையைத் தட்டிவிட்டு அதனைப் பின்தொடர்ந்தார். அலையின் உயரம் மெல்லக் குறைந்ததேயன்றி வடிவு குலையவில்லை. ஓரிரு கல் தொலைவு சென்றபின், வாய்க்காலின் வளைவுகளுக்கிடையே அது அவர் கண்ணுக்குத் தப்பி மறைந்தது.

குளத்திற் கல்லெறிந்தால் எழும் அலை வட்டம் வட்டமாய் விரிந்து, ஒன்று பலவாய்ச் சிதறி, அடங்கிப்போகும். அதுவே எவரும் அறிந்த அலை. முன்னும் பின்னும் துணையலை இன்றி, தாழ்வு இன்றி, மேடு மட்டுமாய், கலையாது செல்லும் ஒற்றை அலை எவரும் அறியாதது. இரசல் அதனைக் கண்டதோடு அமையவில்லை. நீர்த்தொட்டி அமைத்து, அவ்வலையைத் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்த்தார். உயர்ந்த அலை தாழ்ந்த அலையினும் விரைந்து செல்வதைக் கண்டார். அளவுக்கு மிஞ்சி நீரைத் திரட்டித் தள்ளினால், அஃது ஒரே அலையாய் நில்லாது இரண்டாய்ப் பிரிவதைக் கண்டார். இவற்றையெல்லாம் தொகுத்துப் பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் 1844ஆம் ஆண்டுக் கூட்டத்திற்கென அறிக்கையாய் எழுதினார்.

கற்றறிந்தோர் அதனை எங்ஙனம் வரவேற்றனர்? அரசவை வானியலாளராக வீற்றிருந்த எய்ரி 1845இல் தம் நூலில் அதற்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை என்று ஒதுக்கினார். கணக்கியலில் வல்லவரான இசுட்டோக்சும் அங்ஙனம் ஓர் அலை வடிவு மாறாது செல்லக்கூடுமா என்று ஐயுற்றார். அவர்கள் அறிவிலிகள் அல்லர். பொறாமையாற் பேசியவர்களும் அல்லர். அவர்கள் கையில் இருந்த கணக்கு அதைத்தான் சொல்லிற்று. அக்கணக்கின் குறை எங்கிருந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

அலைக்குள் இரு போக்குகள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்று பரவும் போக்கு. அலை என்பது நெடிதும் குறிதுமான பல அலைகளின் கூட்டு. அவை தனித்தனி விரைவில் செல்வதால் கூட்டம் கலைந்து விரிகின்றது. மற்றொன்று குவியும் போக்கு. அலையின் உச்சி அடியினும் விரைந்து செல்வதால், உச்சி முன்னோக்கிச் சாய்ந்து, முகப்புச் செங்குத்தாகி, முடிவில் கடற்கரை அலைபோல் உடைந்து விழ முற்படுகின்றது. ஒரு கணக்கு பரவலை மட்டும் எண்ணி, 'அலை கலைந்தே தீரும்' என்றது. மற்றொரு கணக்கு குவிதலை மட்டும் எண்ணி, 'அலை உடைந்தே தீரும்' என்றது. இரண்டையும் ஒருசேர எண்ணிய கணக்கு அன்று இல்லை. வாய்க்காலின் நீரோ இரண்டையும் ஒருசேரச் செய்துகொண்டிருந்தது! பரவலும் குவிதலும் ஒன்றையொன்று இழுத்துப்பிடித்து ஈடுசெய்தமையால் அன்றோ அவ்வலை கலையவும் இல்லை, உடையவும் இல்லை.

1871இல் பிரஞ்சு அறிஞர் பூசினெசுக்கும், 1876இல் ஆங்கில அறிஞர் இரேலியும் அவ்விரு போக்குகளையும் சேர்த்துக் கணித்து, இரசல் கண்டது மெய்யே என நிறுவினர். 1882இல் இரசல் மறைந்தார். அவர் பெயர் கப்பல் கட்டுமானத்தில் விளங்கிற்று. 1858இல் நீரில் இறக்கப்பெற்ற 'கிரேட் ஈசுட்டர்ன்' என்னும் மாபெருங் கப்பல், புரூனல் என்னும் பொறியாளரோடு சேர்ந்து அவர் கட்டியது. அக்கப்பலே பின்னர் 1866இல் அட்லாண்டிக்குப் பெருங்கடலின் அடியில் தந்திவடம் இட்டது. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் பெரிதென மதித்த அவ்வலையோ, அறிவியலின் ஓரத்தில் ஒரு புதுமைப் பொருளாய்க் கிடந்தது. 1895இல் ஆலந்து நாட்டினரான கோர்ட்டவெகு, தெ விரீசு இருவரும் அதற்குரிய சமன்பாட்டை எழுதினர். அதன்பின்னும் நெடுங்காலம் அதனைத் தேடியவர் அரியர்.

திருப்பம் கணிப்பொறியால் வந்தது. அமெரிக்காவின் இலாசு அலமாசு ஆய்வகத்தில் பெர்மி, பாசுத்தா, உலாம் என்பார், விற்சுருள்களால் கோத்த அணிபோன்ற ஓர் அமைப்பைக் கணிப்பொறியிற் கணித்து, 1955இல் அறிக்கை தந்தனர். கணிப்பை நிரலாக்கி ஓட்டியவர் மேரி சிங்கூ என்னும் பெண்மணி. அறிக்கையில் அவருக்கு நன்றி மட்டுமே கூறப்பட்டது. அவர் பெயரையும் சேர்த்து வழங்கும் வழக்கம் அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. ஓரிடத்தில் ஊட்டிய ஆற்றல் எங்கும் பரவிக் கலந்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். அதுவோ சுற்றிச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே ஏறத்தாழத் திரும்பிற்று. இப்புதிரை ஆய்ந்த சபூசுக்கி, குருசுக்கல் இருவரும் 1965இல் அதன் அடியில் இரசலின் அலைகளைக் கண்டனர். அவை ஒன்றோடொன்று மோதினாலும், ஒன்றையொன்று ஊடுருவித் தத்தம் வடிவு குலையாமல் வெளிவந்தன. துகள்போல் நடந்துகொண்ட அவ்வலைக்கு அவர்கள் இட்ட பெயரே சாலிட்டன். தமிழில் தனியலை என்பது அதற்குப் பொருந்திய பெயர்.

இனி, நீரினின்று ஒளிக்கு வருதல் வேண்டும். வெற்றிடத்தில் ஓர் ஒளிக்கற்றை மற்றொன்றைக் கடந்து செல்லும், ஒன்றையொன்று தொடுவதில்லை. கண்ணாடியுள்ளும் மெல்லொளி அங்ஙனமே செல்லும். ஒருமடங்கு ஒளிக்கு ஒருமடங்கு விளைவு, இருமடங்குக்கு இருமடங்கு எனச் சீராக நடப்பதை நேர்ப்போக்கு என்பர். ஒளி மிகக் கடுமையாகும்போது அவ்வொழுங்கு மாறுகின்றது. ஒளியே கண்ணாடியின் பண்பை மாற்றுகின்றது. மாறிய கண்ணாடி மீண்டும் அவ்வொளியை மாற்றுகின்றது. இதுவே நேர்ப்போக்கிலா ஒளியியல். இதற்கு வித்திட்டவரும் ஓர் இசுக்காட்லாந்தினரே. கிளாசுக்கோ நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்பித்த சான் கெர், வலிய மின்புலம் கண்ணாடியின் ஒளிவிலகலை மாற்றுவதை 1875இல் கண்டறிந்தார். ஒளியும் மின்காந்த அலையே ஆகலின், போதிய கடுமையுடைய ஒளி தன் புலத்தாலேயே தான் செல்லும் கண்ணாடியின் விலகலைக் கூட்டுகின்றது. லேசர் என்று வழங்கும் சீரொளி 1960இல் தோன்றிய பின்னரே இதனை ஒளிகொண்டு ஆராய வழி பிறந்தது.

ஒளியிழை ஒன்றனுள் சிறு ஒளித்துடிப்பை விடுத்தால் யாது நிகழும்? அதனுள் உள்ள பல நிற ஒளிகள் வெவ்வேறு விரைவிற் செல்வதால் துடிப்பு நீண்டு கலையும். இது பரவல். கெர் விளைவால், துடிப்பின் முன்பகுதி சற்றே சிவப்புப் பக்கமும், பின்பகுதி சற்றே நீலப் பக்கமும் நிறம் சாயும். கண்ணாடி இழையில் 1.3 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு அலைநீளங்களில் நீலப்பக்க ஒளி விரைந்தும், சிவப்புப்பக்க ஒளி தயங்கியும் செல்லும். எனவே, முன்னே நிற்கும் சிவப்பு பின்தங்கும். பின்னே நிற்கும் நீலம் எட்டிப்பிடிக்கும். துடிப்பு தன்னைத்தானே குவித்துக்கொள்ளும். பரவலும் குவிதலும் ஈடாகுமிடத்தில் ஒளியே தனியலை ஆகின்றது. இதனை 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அசெகாவா, தாப்பர்ட்டு இருவரும் கணக்கால் முன்னுரைத்தனர். 1980இல் அதே ஆய்வகத்தில் மோலனவர் முதலானோர் 700 மீட்டர் நீள இழையில் அதனைக் கண்ணெதிர் காட்டினர். வாய்க்காலின் அலை கண்ணாடிக்குள் வந்து சேர்ந்தது.

இனிச் சீப்பு என்பது யாது? ஒரே சீரான கால இடைவெளியில் ஒளித்துடிப்புகள் இடையறாது வெளிவருமாயின், அவ்வொளியை நிறம்பிரித்துப் பார்க்குங்கால், அது தொடர்ந்த நிறப்பட்டையாய்த் தோன்றாது. ஒன்றுக்கொன்று ஒத்த இடைவெளியில் நிற்கும் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளாய்த் தோன்றும். ஒவ்வொரு கோடும் ஓர் அலைவெண். நொடிக்கு எத்தனை துடிப்போ, அதுவே கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி. பற்கள் ஒத்து நிற்கும் சீப்பைப்போல் இருத்தலின் அலைவெண்சீப்பு என்னும் பெயர் பெற்றது. துடிப்புகள் அடிக்கடி வந்தால் பற்கள் அகன்று நிற்கும். மெல்ல வந்தால் பேன்சீப்புப்போல் நெருங்கி நிற்கும்.

இச்சீப்பால் பயன் யாது? காலத்தை அளப்போர்க்கு ஒரு பெருந்தடை இருந்தது. 1967 முதல் நொடி என்பது சீசியம் அணுவின் 919 கோடியே 26 இலக்கத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என வரையறுக்கப்பெற்றது. அவ்வதிர்வை மின்கருவிகள் எண்ணும். ஒளியின் அதிர்வோ நொடிக்குக் கோடி கோடிக் கணக்கில் ஓடுவது. சுட்ரான்சிய அணுக் கடிகாரத்தின் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 4.29 கோடி கோடி முறை அதிர்கின்றது. இதனை நேரே எண்ணும் மின்கருவி எதுவுமில்லை. முற்காலத்தில் ஒரு சீரொளியின் அலைவெண்ணை மற்றொன்றோடு படிப்படியாய்க் கோத்து, ஆய்வுக்கூடம் நிறையக் கருவிகளை அடுக்கி, பலர் கூடி உழைத்தே அதனை அளந்தனர். உலகில் ஒருசில ஆய்வகங்களே அதற்குத் துணிந்தன.

செருமனியில் தியோடர் என்சும் அமெரிக்காவில் சான் ஆலும் அவ்வடுக்கு முழுவதையும் ஒரே சீப்பால் மாற்றினர். பற்களின் இடைவெளி மின்கருவி எண்ணத்தக்கது. எத்தனையாம் பல் என்பதும் தெரிந்தால், அப்பல்லின் ஒளி அலைவெண்ணும் தெரிந்துவிடும். ஒரே ஓர் இடர் எஞ்சியது: சீப்பின் தொடக்கம் சுழியத்தில் நில்லாது சற்றே விலகி நிற்கும். அவ்விலகலை அறியச் சிவப்புப் பக்கத்துப் பல் ஒன்றன் அலைவெண்ணை இரட்டித்து, நீலப் பக்கத்தில் அதன் இருமடங்கு எண்ணுடைய பல்லோடு ஒப்புநோக்கினர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே விலகல்! எளிமையும் கூர்மையும் கூடிய இவ்வழி 2000ஆம் ஆண்டையொட்டி நிறைவேறியது. 2005இல் இயற்பியலுக்குரிய நோபல் பரிசின் செம்பாதி இவ்விருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

ஆயினும் அச்சீப்பு மேசை நிறையும் கருவியாகவே இருந்தது. 2007இல் செருமனியின் கார்க்கிங்கு நகரில், மாக்சு பிளாங்கு குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில், கிப்பன்பர்க்கு என்பாரின் குழுவினர், மயிரிழை போலும் நுண்ணிய கண்ணாடி வளையத்திற் சீப்பை உண்டாக்கினர். துடிப்பில்லாத, இடையறாச் சீரொளி ஒன்றை அவ்வளையத்துள் செலுத்தினர். ஒளி வெளியேற மனமின்றிப் பலகாலும் சுற்றிச் சுற்றி, அடர்ந்து கடுமையுற்றது. அக்கடுமையால் கெர் விளைவு எழுந்தது. இரண்டு ஒளித்துகள்கள் மறைந்து, ஒன்று சற்று மேலும் மற்றொன்று அதே அளவு கீழுமாய் இரு புதிய அலைவெண்கள் தோன்றின. அவை மேலும் பலவற்றை ஈன்றன. ஒற்றை நிறத்தினின்று ஒரு சீப்பு முளைத்தது. ஒரு மில்லிமீட்டர் சுற்றளவுள்ள, ஒளிவிலகல் எண் 2 ஆகிய வளையத்தில் ஒளி நொடிக்கு 15,000 கோடி முறை சுற்றும், பல்லிடைவெளியும் அதுவே.

ஆனால் முளைத்த பற்கள் பல வேளைகளில் ஒன்றோடொன்று இசையவில்லை. ஒவ்வொன்றும் தன்போக்கில் நடுங்கிற்று. இரைச்சல் மிக்க சீப்பால் நுண்ணளவை எங்ஙனம் செய்வது? இவ்விடத்திலேதான் இரசலின் அலை மீண்டும் வந்து கைகொடுத்தது.

சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரில் கிப்பன்பர்க்கு குழுவினரும், மாசுக்கோ பல்கலைக்கழகத்தின் கொரோதெத்சுக்கியும் இணைந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தீர்த்தது. மகனீசியப் புளோரைடுப் பளிங்காலான வளையத்துள் செலுத்தும் சீரொளியின் அலைவெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே சென்றனர். முதலில் இரைச்சல் எழுந்தது. பின்னர், வெளிவரும் ஒளியின் அளவு வழுவழுப்பாய் மாறாது, மாடிப்படிபோல் படிபடியாய் மாறிற்று. ஒவ்வொரு படியும் வளையத்துள் சுழலும் தனியலைகளின் எண்ணிக்கையைக் காட்டிற்று. இறுதிப் படியில் நின்றது ஒரே ஒரு தனியலை. இரைச்சல் அடங்கிற்று, பற்களெல்லாம் ஒரே தாளத்தில் நின்றன.

இவ்வளையத் தனியலைக்கு இரு ஈடுகள் வேண்டும். பரவலுக்குக் குவிதல் ஈடாதல் ஒன்று. இஃது இரசலின் வாய்க்காலிலும் இருந்தது. இழப்புக்கு ஊட்டம் ஈடாதல் மற்றொன்று. இஃது இரசலுக்குக் கிட்டாதது. வாய்க்காலின் அலைக்கு ஊட்டுவார் இலர்; எனவே உயரம் குறைந்தது. வளையத்தின் அலைக்கோ சீரொளி இடையறாது ஊட்டிக்கொண்டே இருக்கின்றது. இவ்விரு ஈடுகளையும் அடக்கிய சமன்பாட்டை உலூசியாத்தோ, இலெபேவர் இருவரும் 1987இலேயே எழுதிவைத்திருந்தனர். அந்நிலையை எய்துவதும் எளிதன்று. ஒளி குறையுமிடத்து வளையம் குளிரும், குளிர்ந்தால் அதன் இசைவு மாறும், தனியலை நழுவிவிடும். மாற்றும் விரைவு மிகினும் கேடு, குறையினும் கேடு. உரிய பதமறிந்து நிறுத்துவதே திறன்.

பயனைக் கூறப்புகின் ஒருசில காட்டுகளே அமையும். 2017இல் செருமனியின் கார்ல்சுரூவே ஆய்வாளரும் உலோசான் ஆய்வாளரும் இரு தனியலைச் சீப்புகளைப் பிணைத்து, 179 பற்களில் செய்தியேற்றி, 75 கிலோமீட்டர் இழைவழியே நொடிக்கு 50 இலக்கங்கோடித் துணுக்குகளுக்கு மேல் அனுப்பினர். பல் ஒவ்வொன்றுக்கும் தனிச்சீரொளி வேண்டிய இடத்தில் வளையச் சீப்புகளே போதுமாயின. 2018இல் அவர்களே நொடிக்கு 150 மீட்டர் விரைவில் பறந்த காற்றுத்துப்பாக்கிக் குண்டின் உருவைப் பறக்கும்போதே அளந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் சிறு மின்கலத்தால் இயங்கும் தனியலைச் சீப்பைச் செய்துகாட்டினர். தொலைவிலுள்ள விண்மீனைக் கோள் ஒன்று சுற்றுங்கால், விண்மீனும் சற்றே அசையும். நம்முலகு கதிரவனை அசைக்கும் விரைவு நொடிக்கு 9 செண்டிமீட்டரே! அத்துணைச் சிறிய அசைவை விண்மீனின் ஒளியிற் காண விழைவோர்க்கும் இச்சீப்பே அளவுகோல்.

குறையையும் மறைத்தல் கூடாது. ஒற்றைத் தனியலைச் சீப்பில், ஊட்டிய ஒளியில் நூற்றுக்குச் சில பங்கே பெரும்பாலும் பற்களாய் மாறுகின்றது. வளையம் நகத்தினும் சிறிதாயினும், அதனைச் சூழ்ந்து நிற்கும் சீரொளியும் மின்கருவிகளும் அத்துணைச் சிறியனவாதல் வேண்டும். 2021இல் சீரொளியையும் வளையத்தையும் ஒரே சில்லில் இணைத்துக் காட்டியுள்ளனர், வழி திறந்துள்ளது, பணி முடியவில்லை.

அது முடியுமாயின், செல்வ நாடுகளின் ஒருசில கூடங்களில் மட்டும் அடைபட்டிருந்த நுண்ணளவை, எளிய கல்லூரியின் ஆய்வறைக்கும் எட்டும். அளவுகோல் யார் கையில் இருக்கின்றதோ, அவரே உண்மையைத் தம் கண்ணால் ஆய்ந்து துணியவல்லார். அளவுகோல் இல்லாதார் பிறர் சொல்லை நம்பியே வாழ்வர். இச்சீப்பின் சிறுமையிலே அடங்கிய பெருமை இதுவேயாகும்.

மாணவ இளைஞர்களே! இரசல் கண்ட காட்சிக்கு அவர் காலத்துக் கணக்கு இடந்தரவில்லை. அவர் வெறுஞ்சொல்லால் வழக்காடவில்லை, தொட்டி கட்டினார், அலையை எழுப்பினார், அளந்தார், எழுதினார். கண்டதை விடாமற் பற்றிக்கொண்டதும், பற்றியதை மீண்டும் மீண்டும் அளந்து பார்த்ததும் ஆகிய இரண்டும் அவரிடத்து ஒருசேர இருந்தன. முன்னது மட்டும் இருப்பின் அது பிடிவாதம். இரண்டும் சேர்ந்தாலே அறிவியல்.

1995ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பல நாட்டு அறிவியலாளர் எடின்பரோ நகரில் ஒன்றுகூடி, அதே யூனியன் வாய்க்காலில் படகோட்டி, அதே அலையை மீண்டும் எழுப்பினர். அங்குள்ள நீர்ப்பாலத்துக்கு இரசலின் பெயரையே சூட்டினர். 161 ஆண்டுகளுக்கு முன் வாய்க்கால் வளைந்ததால் அவர் தம் அலையைத் தவறவிட்டார். இன்றோ வாய்க்கால் முழுவதுமாய் வளைந்து, தன் முடிவைத் தன் தொடக்கத்தோடு இணைத்து, வளையமாயிற்று. அதனுள் அவ்வலை மறைவதற்கு இடமில்லை. நொடிக்குப் பல்லாயிரங்கோடி முறை அது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருக்கின்றது.